பழைய கணினிக்கு ஓஎஸ் (இயங்குதளம்) போடுவதற்கு முன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. இதைக் கேள்விப்பட்டவுடன் பத்துப் பன்னிரண்டு வருட டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், "விண்டோஸ் 11 ஏத்திக் குடுங்க" என்கிறார்கள். ஏற்றியும் கொடுத்துவிடுகிறார்கள். தொல்லை அதற்குப் பிறகுதான்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் வேண்டும். விண்டோஸை ஏற்றுவதற்கான பென்டிரைவை ரூஃபஸ் மென்பொருளில் தயாரிக்கும்போது இந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம். கணினி ஓடவும் செய்யும். ஆனால் ஆண்டுதோறும் வரும் புதுப் பதிப்பு அப்படிப்பட்ட கணினிக்குத் தானாக வராது. ஒவ்வொரு முறையும் யாராவது பென்டிரைவோடு உட்கார வேண்டும். இன்டெலின் பழைய கோர் 2 டுவோ பிராசஸர் வகையறாவில் அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் கேட்கும் சில கட்டளைகள் அந்த பிராசஸரிலேயே கிடையாது, ஆகவே கணினி பூட் (தொடக்கம்) ஆகவே ஆகாது. இதற்கு மாற்றாக "லைட்" என்ற பெயரில் யாரோ வெட்டி ஒட்டிய விண்டோஸைப் போட்டு, கிராக் வைத்து ஆக்டிவேட் செய்து தருவது சில இடங்களில் வழக்கம். அதில் அப்டேட்டும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பும் எடுக்கப்பட்டிருக்கும். உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்பது வெட்டியவருக்குத்தான் வெளிச்சம். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

எந்த ஓஎஸ் என்பதைக் கணினியில் செய்யும் வேலையே தீர்மானிக்கட்டும். டேலி ஓட வேண்டும், ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருக வேண்டும், கைரேகைக் கருவி வேண்டும் என்றால் விண்டோஸை விட்டு நகராதீர்கள். காசு சேர்த்து வேறு கணினி வாங்குவதே மேல். பிரவுசர், கடிதம், கணக்கு அட்டவணை, யூடியூப், பிள்ளைகளின் பாடம் இவ்வளவுதான் என்றால் இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட் 22, அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு. பிராசஸர் 64 பிட்டாக இருக்க வேண்டும். 32 பிட் மட்டுமே தெரிந்த கணினிக்கு இன்று செலவழிப்பது வீண்.

இனி, பென்டிரைவைத் தொடும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். நிறுவல் பாதியில் நிற்பதற்கும், போட்ட ஒரே மாதத்தில் "மறுபடியும் ஸ்லோ" ஆவதற்கும் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஹார்டு டிஸ்க். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் நிற்பவை. சி5-இல் பூஜ்ஜியம் தவிர எந்த எண் இருந்தாலும் அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போட வேண்டாம். ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். சில நாள் சரியானது போலத் தெரியும், அவ்வளவுதான். அதே பட்டியலில் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் இருக்கலாம். கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எப்படியும் 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத டிஸ்க்) ஒன்று வாங்கிவிடுவதே என் பரிந்துரை. பழைய மதர்போர்டின் சாட்டா 2 இணைப்பில் அதன் முழு வேகம் வராது என்பது உண்மைதான். இருந்தாலும் பழைய கணினியை இழுத்துப் பிடிப்பது வினாடிக்கு இத்தனை எம்பி என்ற கணக்கில்லை. சிறுசிறு கோப்புகளைத் தேடி டிஸ்க்கின் முள் அலைகிற நேரம்தான். எஸ்எஸ்டியில் அந்த அலைச்சலே கிடையாது.

ரேம் கூட்டுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கோர் 2 டுவோ கணினிகளில் ஜி31 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டு சிப்) இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. ஜி41 என்றால் 8 ஜிபி வரை ஏற்கும், ஆனால் எல்லா டிடிஆர்3 ரேமையும் அல்ல. 4 ஜிபி ரேமைத் திருப்பிப் பார்த்து, இரண்டு பக்கமும் எட்டு எட்டாகப் பதினாறு சிப் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் உள்ள புது வகை ரேமை ஜி41-இல் போட்டால் திரையே வராது. ரேமும் நல்ல ரேம்தான், போர்டும் நல்ல போர்டுதான், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கடையில் எண்ணிப் பார்த்து வாங்கினால் அலைச்சல் மிச்சம்.

அடுத்து, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி. பத்து வருடத்தில் அது தீர்ந்திருக்கும். அறிகுறி, ஒவ்வொரு முறை பவரை அணைத்துப் போட்டாலும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுவது. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று மறுக்கும். தேதியோடு பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) அமைப்புகளும் அழிந்துபோகும். ஏஎச்சிஐ என்ற டிஸ்க் இணைப்பு முறையில் விண்டோஸ் போட்டிருப்பீர்கள். பேட்டரி செத்து, பயாஸ் பழைய ஐடிஇ இணைப்பு முறைக்குத் திரும்பினால் மறுநாள் நீலத்திரையில் நிற்கும். வைரஸ் என்று சொல்லி மறுபடி ஃபார்மேட் அடிப்பார்கள். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் பேட்டரி அது.

இனி கோப்புகள். "டி டிரைவில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கைதான் பல வீட்டுக் கல்யாணப் படங்களை விழுங்கியது. மின்ட் நிறுவியில் "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சி, டி, இ எல்லாமே போய்விடும். வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. எஸ்எஸ்டியில் நிறுவுவதாக இருந்தால், நிறுவி முடியும்வரை பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்கவும் வழியில்லை, ஓஎஸ்ஸைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் பழைய டிஸ்க்கில் போய் உட்காரவும் வழியில்லை.

தமிழில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருந்தால் இன்னொன்றையும் எடுத்து வையுங்கள்: ஃபான்ட். பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றை நகலெடுத்து, மின்டில் திறந்து நிறுவினால் லிப்ரெ ஆஃபிஸில் பழையபடி தெரியும்.

பென்டிரைவ் மின்டுக்கு 4 ஜிபி போதும், விண்டோஸுக்கு 8 ஜிபி வேண்டும். இறக்கிய ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) முழுதாக வந்ததா என்பதை ரூஃபஸிலேயே எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய 2011-க்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் பழைய பயாஸ் முறைதான், ஆகவே ரூஃபஸில் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிக்கும்) முறையை எம்பிஆர் என்ற பழைய முறையில் வையுங்கள். பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் போட முயன்றால் "இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது" என்று நிற்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பூட் பட்டியலுக்கு, கணினியைப் போட்டவுடன் அழுத்த வேண்டிய விசை டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் போர்டுகளில் எஃப்8. பெட்டியின் முன்பக்க யூஎஸ்பி பல நேரம் தளர்ந்திருக்கும், பின்பக்கம் செருகுங்கள்.

நிறுவல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென்டிரைவையோ ஐஎஸ்ஓவையோ சந்தேகியுங்கள். ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் பிழை காட்டினால் ரேமைச் சந்தேகித்து, அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓட விடுங்கள். பிழையே காட்டாமல் பட்டென்று அணைந்தால் சூடு. ஃபேனில் அடைந்த தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். மின்ட் பூட் ஆகும்போது திரை கறுப்பாகவே இருந்தால் பட்டியலில் இருக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடில் நுழையுங்கள், பழைய என்விடியா கார்டுகளுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

நிறுவும் முன், பென்டிரைவிலிருந்து ஓடும் மின்டிலேயே வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிடுங்கள். பழைய லேப்டாப்களில் பிராட்காம் வைஃபைக்குத் தனி டிரைவர் இறக்க வேண்டியிருக்கும். அதை இறக்க இணையம் வேண்டுமே என்றால், போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போடுங்கள். தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்கள் எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிஎல்ஐபி வழியாகக் கூடுதல் பிளக்இன் இறக்கினால் அச்சடிக்கும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளின் செல்லப்பிள்ளையான கேனன் எல்பிபி 2900 மட்டும் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். அதை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள், சோதித்து அச்சு வந்த பிறகு விண்டோஸை அழித்தால் போதும்.