அதிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் எங்கே போகிறது?

வத்தளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஒழுங்கையில் இரண்டு தொடர்மாடிகள் வந்த பிறகு பின்னேரங்களில் குழாயில் தண்ணீர் நூல்போலத்தான் வருகிறது. அமெரிக்காவில் குடியிருப்பாளர்களே நீர் வட்டாரம் அமைத்துக்கொள்கிறார்களாமே, நாங்களும் அப்படிச் செய்ய முடியாதா?"

டெக்சாஸில் அப்படி நடக்கிறது. நகர எல்லைக்கு வெளியே புதுக் குடியிருப்பு எழும்போது அதற்கென்று சட்டப்படி ஒரு நீர் வட்டாரம் உருவாகும். அது கடன்பத்திரம் விற்றுக் குழாய் பதிக்கும். குடியேறியவர்கள் அந்தக் கடனை வரியாகக் கட்டி அடைப்பார்கள். இலங்கைக் கிராமங்களிலும் சமுதாய அமைப்புகள் தங்கள் கிணற்றையும் தாங்கியையும் தாங்களே நடத்துகின்றன. கொழும்பின் நிலை வேறு. 1975 முதல் பொறுப்பு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம். லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும் வரும் நீரை ஒரு ஒழுங்கைக்காரர்கள் தனியே பிரித்தெடுக்க முடியாது. ஆனால் குழாய் வலையை வட்டாரங்களாகப் பிரிக்கலாம். அது இங்கேயும் நடக்கிறது, அதைப் பற்றித்தான் எழுத ஆசை.

முதலில் பின்னேரச் சிக்கலை முடித்துவிடுவோம். நீர் குழாய்ச் சுவரில் உராய்ந்து அழுத்தத்தை இழக்கிறது. ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அதே நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ளினால் இழப்பு முப்பது மடங்கைத் தொடும். பழைய சிறு குழாயில் புதுத் தொடர்மாடியைக் கொளுவினால் நடப்பது இதுதான்.

போதாததற்குக் கசிவு. 2012 அளவில் கொழும்பு மாநகருக்குள் விட்ட நீரில் ஏறத்தாழப் பாதி பில்லுக்கு வராமலே போனது. கசிவு, திருட்டு இணைப்பு, பொதுக் குழாய் எல்லாம் அதில் அடக்கம். இதைப் பிடிக்கத்தான் வட்டாரங்கள். சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்து, எல்லையிலுள்ள வால்வுகளை மூடி, ஒரே குழாய்வழி மட்டும் நீர் உள்ளே வரும்படி செய்து, அங்கே ஒரு மீற்றர் பொருத்துகிறார்கள். பார்க்க வேண்டியது அதிகாலை இரண்டுக்கும் நான்குக்கும் இடையிலான ஓட்டத்தை. ஊர் தூங்குகிறது, மேல்தாங்கிகள் பெரும்பாலும் நிரம்பிவிட்டன. அப்போதும் மீற்றர் வேகமாக ஓடினால், நீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகிறது. பாவனை குறைவதால் உராய்வு இழப்பும் குறைந்து, குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அதனால் கசிவு அதிகமாவதும் அந்நேரம்தான்.

சரி, ஓட்டை எந்த இடத்தில்? இங்கேதான் எனக்கு மெய்சிலிர்க்கும். அழுத்தத்தோடு வெளியேறும் நீர் சீறுகிறது. அந்தச் சத்தம் குழாயின் இரு பக்கமும் ஓடுகிறது. நூறு மீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு வால்வுகளில் இரண்டு உணரிகளை வைக்கிறார்கள். இரண்டும் கேட்பது ஒரே இரைச்சல்தான், ஆனால் ஒன்று சற்றுப் பிந்திக் கேட்கிறது. கருவி ஒரு பதிவை மற்றதன்மேல் மெல்ல நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினால் இரண்டும் பொருந்துகின்றன என்று பார்க்கிறது. ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என்று வைத்துக்கொள்வோம். இரும்புக் குழாயில் ஒலி வினாடிக்குச் சுமார் 1200 மீற்றர் போகும். ஆகவே தூர வித்தியாசம் 24 மீற்றர். நூறில் அதைக் கழித்து இரண்டால் வகுத்தால் 38. முதலில் கேட்ட வால்விலிருந்து 38 மீற்றரில் தோண்டலாம். சாதாரணக் கழித்தல் கணக்கு, தார் வீதிக்கு அடியிலுள்ள ஓட்டையைக் காட்டிக்கொடுக்கிறது!

கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் நம் ஊரில் மட்டுமில்லை. இங்கிலாந்தில் நீர் நிறுவனங்கள் பலவற்றின் பணியாளர்கள் கசிவு தேடக் கம்பி பிடித்து நடந்தது 2017இல் செய்தியானது. முறையாகச் சோதித்தபோதெல்லாம் இந்த வித்தை குருட்டு ஊகத்தைத் தாண்டியதில்லை. அதை நம்பி வீதியைத் தோண்டுவது பொதுமக்கள் காசைப் புதைப்பதுதான்.

பிளாஸ்டிக் குழாய் வேறு கதை. அதில் ஒலி பாதி வேகம்கூடப் போவதில்லை, சீக்கிரம் அடங்கியும் விடுகிறது. கேட்கும் கருவிகளை நெருக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கொழும்பின் புறநகரங்களில் புதிதாகப் பதிப்பவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான். புதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கடன் வாங்கும்போது, அதில் சிறு பங்கை மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பிளாஸ்டிக் குழாயில் கசிவைக் கேட்டறியும் ஆய்வுக்கு ஒதுக்கவேண்டும் என்பேன். நம் ஈர மண்ணில், வாகன இரைச்சலுக்கு நடுவே, மலிவாக வேலைசெய்யும் உணரியை இங்கிருப்பவர்களே உருவாக்க முடியும்.