கிராங்க்பெயிட் எவ்வளவு ஆழம் போகும்? நரம்பின் தடிமன் சொல்லும்

கிராங்க்பெயிட் என்ற மீன்பிடிப் பொய்யிரையை வாங்கினால் அட்டையில் 10 அடி, 15 அடி என்று ஓர் ஆழம் அச்சிட்டிருக்கும். அது பொய்யிரையின் குணம் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட தடிமன் உள்ள தூண்டில் நரம்பில் கட்டி, ஒரு குறிப்பிட்ட தூரம் வீசி இழுத்தபோது கிடைத்த ஆழம். நரம்பை மாற்றினால் அந்த எண்ணும் மாறிவிடும். 0.28 மில்லிமீட்டர் நரம்பில் தரையை உரசிக்கொண்டு வரும் அதே பொய்யிரை, 0.45 மில்லிமீட்டர் நரம்பில் தரையைத் தொடாமலே கரைக்குத் திரும்பும்.

கிராங்க்பெயிட் பெரும்பாலும் மிதக்கும் பண்டம். மரத்தாலோ உள்ளீடற்ற பிளாஸ்டிக்காலோ செய்திருப்பார்கள். அதன் மூக்கில் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடுதான் அதை நீருக்குள் இறக்குகிறது. நரம்பு முன்னோக்கி இழுக்கும்போது எதிர்வரும் நீர் தகட்டில் மோதி மூக்கைக் கீழே தள்ளுகிறது. அதே நீரோட்டம் உடலை இடமும் வலமும் ஆட்டவும் செய்கிறது. இழுப்பது நின்றால் தகட்டுக்கு வேலை இல்லை. பொய்யிரை மேலே மிதந்து வந்துவிடும்.

ஆனால் தகடு இழுத்துக்கொண்டு இறங்குவது தன் உடலை மட்டுமன்று. பின்னால் இருக்கும் நரம்பு முழுவதையும் சேர்த்துத்தான். பொய்யிரை ஓர் ஆழத்தை எட்டி மட்டமாக ஓடத் தொடங்கியதும், சரிவாக நிற்கும் நரம்பு நீரைக் குறுக்கே கிழித்துக்கொண்டு நகர்கிறது. அதற்கு நீர் காட்டும் எதிர்ப்பு பின்னோக்கியும் மேல்நோக்கியும் இருக்கிறது. காற்றில் பட்டத்தின் நூல் வளைவதுபோல நரம்பும் நீருக்குள் நேராக நிற்பதில்லை, வளைந்து கிடக்கிறது. தகட்டின் கீழ்நோக்கிய விசையும், நரம்பின் மேல்நோக்கிய இழுப்பும், பொய்யிரையின் மிதப்பும் சமன்படும் இடமே அதன் கடைசி ஆழம்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீருக்குள் 20 மீட்டர் நரம்பு இருக்கிறது, தடிமன் 0.30 மில்லிமீட்டர், சராசரிச் சரிவு 10 பாகை, வேகம் நொடிக்கு 1 மீட்டர். இந்த நிலையில் நீர் அந்த நரம்பை மேலே தள்ளும் விசை பத்துப் பதினைந்து கிராம் எடைக்குச் சமம். நடுத்தர அளவுள்ள ஒரு கிராங்க்பெயிட்டின் மொத்த எடையே ஏறத்தாழ அவ்வளவுதான்! தடிமனைப் பாதியாக்கினால் இந்த விசையும் ஏறக்குறையப் பாதியாகிறது. வேகத்தை இருமடங்காக்கினால் நான்கு மடங்காகிறது. தகட்டின் விசையும் வேகத்தோடு சேர்ந்தே கூடுவதால், கண்மூடித்தனமாக வேகமாகச் சுற்றி ஆழத்தை வாங்கிவிட முடியாது. ஆழம் வேண்டுமென்றால் நரம்பு மெலிய வேண்டும், அல்லது வீச்சு நீள வேண்டும். மெல்லிய நரம்பு வீச்சையும் நீட்டித் தரும் என்பதால் அதில் இரட்டை லாபம்.

நரம்பு வகைகளில் ஒன்றான ஃபுளூரோகார்பன் நீரில் மூழ்கும், ஆகவே பொய்யிரையை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை இங்கே எடைபோடலாம். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் ஃபுளூரோகார்பனின் அடர்த்தி சுமார் 1.78; நைலானுடையது 1.14. மேலே சொன்ன 20 மீட்டர் நரம்பு ஃபுளூரோகார்பனாக இருந்தால் நீருக்குள் அதன் எடை ஏறத்தாழ 1.1 கிராம், நைலானாக இருந்தால் 0.2 கிராம். வித்தியாசம் ஒரு கிராமுக்கும் குறைவு. பத்துப் பதினைந்து கிராம் விசைக்கு முன்னால் இது பெரிய விஷயமில்லை. மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு மிதக்கும், அதனால் பொய்யிரையை மேலே தூக்கிவிடும் என்ற பேச்சு இன்னும் பலவீனமானது. அதன் மூலப்பொருளான பாலிஎதிலீன் இழையின் அடர்த்தி 0.97, மெல்லிய பிரெய்டின் மிதப்பு விசை கிராமில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

ஃபுளூரோகார்பனின் எடை வேலை செய்வது இழுப்பை நிறுத்தும் கணத்தில். அப்போது நீரின் எதிர்ப்பு காணாமல் போய்விடுகிறது. எஞ்சுவது எடை மட்டுமே. நின்ற இடத்திலேயே அசையாமல் தொங்கும்படி சமன்செய்த சிறிய பொய்யிரைகளில் அந்த ஒரு கிராம் மூக்கைச் சாய்த்துவிடும்.

அப்படியானால் கிடைப்பதிலேயே மெல்லியதான பிரெய்டைக் கட்டிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நைலான் 0.28 மில்லிமீட்டர் அளவில் இருக்க, அதே வலுவுள்ள பிரெய்டு 0.15 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. ஆழத்தை மட்டும் பார்த்தால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். சிக்கல், மீன் கடித்த பிறகு தொடங்குகிறது.

கிராங்க்பெயிட்டில் தொங்குபவை சிறிய மும்முனை முட்கள். அவை பெரும்பாலும் மீனின் உதட்டோரத்தில் மேலோட்டமாகவே ஏறியிருக்கும். நைலான் அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால்பங்கு வரைகூட நீளும். மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த நீட்சி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பிரெய்டு கிட்டத்தட்ட நீளுவதே இல்லை. உதறலின் முழு வேகமும் முள் ஏறிய துளையில் இறங்கி, துளை கிழிந்து, முள் கழன்றுவிடும். கடிக்கும் நேரத்திலும் இதே கதைதான். ஓடும் இரையை மீன் வாய்க்குள் இழுக்கும்போது நரம்பு சற்றே விட்டுக்கொடுத்தால் இரை உள்ளே போகும். விட்டுக்கொடுக்காவிட்டால் நாமே அதை வாயிலிருந்து பிடுங்கிவிடுவோம். பிரெய்டுதான் வேண்டும் என்பவர்கள் ராடில், அதாவது தூண்டில் கோலில், அந்த நெகிழ்வைத் தேட வேண்டும்: நடுப்பகுதி வரை வளையும் கண்ணாடியிழை ராடு.

ஃபுளூரோகார்பன் நீளாது என்பதும் பாதி உண்மையே. அதுவும் நீளும், நீட்டுவதற்கு நைலானைவிடக் கூடுதல் விசை வேண்டும், அவ்வளவுதான். இலேசான இழுப்பில் விறைப்பாக நிற்பதால் தகடு கல்லில் தட்டுகிறதா, சேற்றில் உழுகிறதா என்று கை உணரும். பெரிய இழுப்பில் கொஞ்சம் தளர்ந்தும் கொடுக்கும். பாறையில் உரசினாலும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். நைலான் நீரை உறிஞ்சி வலு குறையும். உலகச் சாதனைகளுக்கான மீன்பிடி அமைப்பான ஐஜிஎஃப்ஏ நரம்பை நனைத்தே சோதிப்பதற்குக் காரணம் உண்டு. ஃபுளூரோகார்பன் ஏறக்குறைய நீரை உறிஞ்சுவதே இல்லை. அதன் ஒளிவிலகல் எண் 1.42 என்பதால் நீரின் 1.33-க்கு நைலானைவிட நெருக்கமானது, மீனின் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். ஆடிக்கொண்டும் கற்களில் மோதிக்கொண்டும் விரைந்து ஓடும் பொய்யிரையின் பின்னால் வரும் நரம்பை மீன் ஆராய்ந்து பார்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பணம் கொடுப்பதாக இருந்தால் அந்தக் குணத்துக்காகக் கொடுக்க வேண்டாம்.

ஆழமான இடத்துக்கு 10 அல்லது 12 பவுண்டு ஃபுளூரோகார்பன் என்பது இதனால்தான் பலரின் முதல் தேர்வாகிறது. ஆழமற்ற இடத்தில் கணக்கு தலைகீழ். நீர்ச்செடிகள் மேற்பரப்பிலிருந்து நான்கடிக்குக் கீழே நிற்கின்றன, கையிலிருப்பதோ ஐந்தடி போகும் பொய்யிரை என்றால், 17 அல்லது 20 பவுண்டு நைலானைக் கட்டினால் போதும். அதன் தடிமனே இரையைச் செடிகளுக்கு மேலே தூக்கி ஓட்டும். இரை கட்டையில் மாட்டும்போது இழுப்பைத் தளர்த்தினால், நைலான் அதிகம் கீழே இழுக்காததால் அது பின்வாங்கி மிதந்து விடுபடும். ஆனால் மிகச் சிறிய பொய்யிரையில் இந்தத் தடித்த நரம்பைக் கட்டக் கூடாது. விறைப்பு மூக்கைப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் செத்துவிடும்.

அந்த ஆட்டத்துக்காகவே முடிச்சை நேராக மூக்கில் இறுக்காமல், அதிலுள்ள வளையத்திலோ சிறிய கொக்கியிலோ போடுகிறார்கள். முடிச்சை இறுக்குமுன் நனைக்க வேண்டும், ஃபுளூரோகார்பனில் கட்டாயமாக. உலர்ந்த உராய்வின் சூட்டில் அதன் மேற்பரப்பு சேதமாகி முடிச்சிலேயே அறும். பாறைகளுக்கு நடுவே ஓட்டிய பிறகு கடைசி இரண்டடியை விரல்களுக்கிடையே உருவிப் பார்த்தால் சொரசொரப்பு தட்டும். தட்டினால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.