ரயில் மேட்டை ‘சுத்தம்’ செய்யாதீர்கள்

மறுபடியும் ஒரு அழைப்பு. “சார், ஊருக்கு வெளியே கிடக்கிற பழைய ரயில் மேட்டை இயற்கைப் பூங்கா ஆக்குறோம். புதரெல்லாம் ஜேசிபி வெச்சு சுத்தம் பண்ணியாச்சு. என்ன மரம் நடலாம்?” செடி கொடி கணக்கெடுக்கும் என்னை சேலம் பக்கத்தில் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கூப்பிடுகிறார்கள். அப்புறம் நான் எதைக் கணக்கெடுப்பது?

புதர் என்றால் பாழ், மரம் என்றால்தான் இயற்கை என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! சேர்வராயன் மலைமேல் இருக்கும் சோலை வேறு, கீழே வெயிலில் காயும் கரட்டு நிலம் வேறு. ஜல்லியும் சரளையும் கொட்டிய ரயில் மேடு கரட்டைவிடக் காய்ந்தது, பெய்த மழை நிற்காது. ஆவாரை, எருக்கு, சூரை, கொழுஞ்சி, தும்பை எல்லாம் அங்கே தானாக வருவது அதனால்தான். ஆவாரை இலையில் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு, எருக்கு இலையில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. முள்ளடியில் கௌதாரி முட்டையிடும். மேட்டின் மண்சரிவில் பஞ்சுருட்டான் குருவி வளை தோண்டும். ஆள்காட்டிக் குருவி கூடே கட்டாது, வெட்டவெளிச் சரளையில் முட்டையிடும். முட்டையும் கல் நிறம்தான், மிதிக்கும்வரை தெரியாது.

இங்கே பத்தடிக்கு ஒரு வேம்பும் புங்கனும் நட்டால் கோடையில் லாரித் தண்ணீர் ஊற்றியும் பாதி காயும். பிழைத்த பாதி நிழல் போட்டு, வெயில் கேட்கும் செடிகளை விரட்டும். ஏற்காட்டிலிருந்து சில்வர் ஓக் கன்று கொண்டுவந்தவர்களும் உண்டு. காப்பிக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்துக்கு ரயில் மேட்டில் என்ன வேலை?

பெர்லினில் 1952இல் மூடிய ஒரு ரயில் யார்டைப் பல பத்தாண்டுகள் அப்படியே விட்டிருந்தார்கள். இன்று அது சூட்கெலென்டே இயற்கைப் பூங்கா. தண்டவாளங்கள்கூடக் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. அங்கே புல்வெளிகளை மரம் மூடிவிடக் கூடாது என்று வெட்டிப் பராமரிக்கிறார்கள். நாம் காசு கொடுத்துக் கன்று வாங்கி வெட்டவெளியை மூடுகிறோம்.

சரி, எதையுமே வெட்டக் கூடாதா? வெட்டலாம். சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, பார்த்தீனியம் மூன்றும் போகட்டும். ஆனால் ஆள் வைத்து, பகுதி பகுதியாக. சீமைக்கருவேலத்தை மேலே வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும், வேரோடு எடுங்கள். உண்ணிச்செடியைக் காய் பழுக்கும் முன் எடுங்கள், பழுத்தால் குருவிகளே விதைத்துவிடும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், பலருக்குத் தோல் அரிக்கும். மார்ச் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம், அப்போது மேட்டில் கை வைக்காதீர்கள். தீ வைக்கவே வைக்காதீர்கள். வெளியிலிருந்து வண்டல் கொட்டாதீர்கள், பார்த்தீனிய விதை அதில்தான் வரும்.

மேட்டை ஒட்டிப் பள்ளங்கள் இருக்கும். மேடு போட மண் எடுத்த குழிகள் அவை. மழைக்குத் தண்ணீர் கட்டி, தவளையும் தும்பியும் பெருகும் இடம். “கொசு வரும்” என்று கட்டடக் கழிவு கொட்டி மூடுகிறார்கள். கொசுப்புழுவைத் தின்கிற தும்பிப் புழு அந்தக் குழியில்தான் இருக்கிறது, ஐயா! தயவுசெய்து குழியை விட்டுவிடுங்கள்.

நடைபாதை வேண்டுமென்றால் பழைய தண்டவாளத் தடத்தின் அகலத்துக்கு மேல் போகாதீர்கள். சிமென்ட் வேண்டாம், இரவு விளக்கும் வேண்டாம். இன்னொன்று, கைவிட்ட மேடாக இருந்தாலும் நிலம் ரயில்வேயுடையதாக இருக்கலாம். விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். செல்ஃபிக்காகப் பக்கத்தில் ரயில் ஓடும் பாதையில் ஏறினால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவில் வழக்கு வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கையை விடாதீர்கள்.