குளிரிலும் தோல் உரிவது ஏன்?

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் பூண்டுக் காட்டுல களை எடுக்கிறோம். அப்படியும் மூக்கும் கன்னமும் சிவந்து, நாலாம் நாள் தோல் உரியுது. கண்ணு பட்டிருக்கும்னு அம்மாச்சி மிளகாய் சுத்திப் போடுறாங்க. நிஜமா என்ன ஆகுது?"

கண்ணேறு இல்லை, வெயில்தான். புற ஊதாக் கதிருக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. 1,000 மீட்டர் ஏறினால் அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். உங்கள் ஊரோ 2,000 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அந்தக் கதிர் தோல் செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. சிதைவு கொஞ்சம் என்றால் செல் பழுது பார்த்துக்கொள்ளும். மிஞ்சிப் போனால் தானே செத்துவிடும்; அப்படிச் செத்தவைதான் தோலாக உரிகின்றன. பிழைத்துக் கிடந்தால் புற்றாகலாம்.

சரி, சாவதா வேண்டாமா என்பது எப்படி முடிவாகிறது? வழிகள் பல. எனக்கு மிகப் பிடித்தது கத்தரிக்கோல் வழி. மரபணுவைப் பார்த்து எழுதிய ஆர்என்ஏ நகலில் வேண்டாத துண்டுகளை நறுக்கி, மீதியை ஒட்டினால்தான் அது பயன்படும். பிசிஎல்-எக்ஸ் மரபணுவின் நகலில் ஓரிடத்தில் வெட்டினால் 233 அமினோ அமிலங்கள் கொண்ட நீளப் புரதம். அது செல்லைச் சாகவிடாது. ஆர்என்ஏவில் 189 எழுத்து முன்னாலேயே வெட்டிவிட்டால் 170தான். இந்தக் குட்டைப் புரதம் சாவின் பக்கம். ஒரே துணியில் முழுக்கையும் தைக்கலாம், அரைக்கையும் தைக்கலாம்!

நகல் எழுதும்போதே வெட்டும் வேலையும் நடக்கிறது. புற ஊதா பட்ட மனித செல்களில் எழுதும் நொதி மெதுவாகி, வெட்டுமிடம் மாறி, குட்டை வடிவம் கூடியதை 2009இல் கண்டார்கள்.

இந்த வெட்டை மேற்பார்க்கும் புரதங்களில் மூன்று சேர்ந்த கூட்டு ஒன்று உண்டு: அசினஸ், ஆர்என்பிஎஸ்1, சாப்18. ஆய்வகத்தில் இவற்றைக் குறைத்துப் பார்த்தபோதும் குட்டை வடிவம்தான் கூடியது. அப்புறம் அசினஸைப் பாருங்கள். செல் சாகத் தொடங்கியதும் காஸ்பேஸ்-3 என்ற நொதி அதைத் துண்டாக்குகிறது. அந்தத் துண்டு உட்கருவிலுள்ள டிஎன்ஏவைச் சுருட்டி இறுக்க உதவுகிறது. வாழும்போது ஆர்என்ஏ வேலை, சாகும்போது அடக்க வேலை, இரண்டும் ஒரே புரதத்துக்கு. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆர்என்ஏ வெட்டுப்படுவதை 1977இல் சளி வைரஸ் ஒன்றை ஆராய்ந்தவர்கள்தான் கண்டார்கள். "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டு இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணத்தை நிறுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது.

அம்மாச்சி மிளகாய் சுற்றட்டும். நீங்கள் காலை பத்து முதல் மூன்று மணி வரை அகலத் தொப்பி போடுங்கள். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். அடியில் புதுத்தோல் இன்னும் முற்றவில்லை.