மேலே போய் கிளியரன்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்

அமெரிக்காவில் கண்ட்ரோல் டவர் இல்லாத விமான நிலையங்கள்தான் அதிகம். அங்கிருந்து மேகத்துக்குள் பறக்க வேண்டுமென்றால், தரையிலேயே போன் செய்து ஐஎஃப்ஆர் கிளியரன்ஸ், அதாவது கருவிகளைப் பார்த்துப் பறப்பதற்குக் கண்ட்ரோலர் தரும் அனுமதி, வாங்கலாம். அல்லது விஎஃப்ஆரில், அதாவது கண்ணால் பார்த்தே ஏறிவிட்டு, அப்புறம் ரேடியோவில் கேட்கலாம். என்னிடம் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சிக்கு வருபவர்களில் பலருக்கு இரண்டாவது வழிதான் சுலபமாகத் தோன்றுகிறது. எனக்கு அதில் பயம் உண்டு.

கண்ட்ரோலர் மற்ற விமானங்களோடு மும்முரமாக இருந்தால், "காத்திருங்கள், விஎஃப்ஆரிலேயே இருங்கள்" என்பார். அது அவர் தவறல்ல. தாழ்வாகப் பறந்தால் மலை மறைத்து ரேடியோ எட்டாமல் போகலாம், ரேடாரிலும் தெரியாமல் போகலாம். நேரம் கடந்து கிளம்பியிருந்தால், முன்பே கொடுத்து வைத்த ஃப்ளைட் பிளானே (பயணத் திட்டம்) அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து நீங்கியிருக்கும். இத்தனைக்கும் நடுவில் நீங்கள் மேகத்துக்கு அடியில், மலைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

சான் டியேகோவின் பிரவுன் ஃபீல்டு விமான நிலையத்துக்குக் கிழக்கே ஓட்டாய் மலை இருக்கிறது. 1991 மார்ச் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். பாடகி ரீபா மெக்கன்டயரின் இசைக்குழுவினர் இருந்த ஜெட் பிரவுன் ஃபீல்டிலிருந்து விஎஃப்ஆரில் கிளம்பியது. புறப்பாடு தாமதமானதால் ஃப்ளைட் பிளான் கம்ப்யூட்டரில் இல்லை. கண்ட்ரோலர் அதை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் விமானம் மலையில் மோதி பத்துப் பேரும் இறந்தார்கள். 2004 அக்டோபர் 24, மறுபடி நள்ளிரவு தாண்டி, அதே விமான நிலையத்திலிருந்து ஏறிய ஆம்புலன்ஸ் லியர்ஜெட் அதே மலையில் மோதியது. ஐந்து பேர். இந்த முறை ரேடாரில் விமானம் தெரிந்தது, கண்ட்ரோலர் திசையும் கொடுத்திருந்தார். அந்தத் திசையில்தான் மலை இருந்தது. மேகத்துக்குக் கீழே நிற்பதற்காக விமானிகள் தாழ்வாகவே பறந்தார்கள். விசாரணை இரு தரப்பையும் குறை சொன்னது.

ரேடாரில் தெரிகிறீர்கள் என்று கண்ட்ரோலர் சொன்னதுமே விமானிக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அதுதான் ஆபத்து. கிளியரன்ஸ் முழுதாக வாங்கித் திருப்பிச் சொல்லும்வரை நீங்கள் விஎஃப்ஆர் விமானிதான். மலையைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

ஆகவே தரையிலேயே போன் செய்யுங்கள். எந்த நேரத்துக்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லியே கிளியரன்ஸ் தருவார்கள். கிளம்ப முடியவில்லை என்றால் அந்த நேரம் கடந்து 30 நிமிடத்துக்குள் தெரிவித்துவிடுங்கள், இல்லையென்றால் காணாமல் போன விமானமாக நினைத்துத் தேட ஆரம்பிப்பார்கள். காத்திருப்பது எரிச்சல்தான், சரி. இரவிலும் மலைப்பகுதியிலும் எனக்கு வேறு வழியே கிடையாது.

பகலில், வானம் நன்றாகத் தெளிந்திருந்து மேலே போய்க் கேட்கிறீர்கள் என்றால், இதற்கு மட்டும் தயாராக இருங்கள். ஐஎஃப்ஆரில் பறப்பதற்கான குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இருக்கும்போது, அந்த உயரம் வரை மலையும் தடைகளும் படாமல் நீங்களே ஏற முடியுமா என்று கண்ட்ரோலர் கேட்பார். மேகம் குறுக்கே இருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு, திரும்பிப்போய் இறங்கிப் போன் செய்யுங்கள்.