உடற்சுத்திகரிப்புக்கு எதைத் தெரிவு செய்வது?

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் உடற்கழிவை நீக்கும் வழிகளைப் பற்றிய பேச்சு திருகோணமலையில் அடிக்கடி எழும். இலைக்கஞ்சி, பழச்சாறு, பேதிமருந்து, பட்டினி, கன்னியா வெந்நீர்க் குளியல் என ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பரிந்துரைப்பார்கள். தமக்குப் பொருந்துவதைத் தெரிவு செய்ய விரும்புபவர், அந்த வழி எந்தக் கழிவை எந்த உறுப்பின் மூலம் வெளியேற்றுகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். உடலில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவை ஈரலும் சிறுநீரகங்களுமே என்பதால், நாம் உட்கொள்வது எதுவாயினும் அது அவற்றுக்குத் துணையாக அமையும் அல்லது சுமையாகிவிடும்.

வளர்ந்தவரின் ஈரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுடையது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.5 லீற்றர் இரத்தம் அதனூடாகச் செல்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேரே வருவது. கொழுப்பில் கரையும் நச்சுப்பொருள்கள் சிறுநீரோடு எளிதில் வெளியேறமாட்டா என்பதால், ஈரல் அவற்றை நீரில் கரையக்கூடியனவாக இரண்டு கட்டங்களில் மாற்றுகிறது. முதற்கட்டத்தில் சைற்றோகுரோம் பி450 எனும் நொதியங்கள் நச்சு மூலக்கூற்றின் அமைப்பை மாற்றி, வேறொரு பொருள் வந்து இணைவதற்கான இடத்தை அதில் உண்டாக்குகின்றன. இந்த இடைநிலைப் பொருள் சில வேளைகளில் மூலப்பொருளைவிடக் கொடியதாக இருக்கும். இரண்டாம் கட்டத்தில் குளுக்குரோனிக்கமிலம், சல்பேற்று, குளுட்டாதயோன் போன்றவை அதனுடன் இணைந்த பின்னரே அது சிறுநீருக்கோ பித்தநீருக்கோ செல்லத் தகுதி பெறுகிறது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பரசிற்றமோலிலும் சிறு பகுதி முதற்கட்டத்தில் நச்சாகிறது. குளுட்டாதயோன் அதை உடனே பற்றிக்கொள்வதால்தான் உரிய அளவில் அம்மருந்து தீங்கு செய்வதில்லை. அளவு மிஞ்சினால் குளுட்டாதயோன் தீர்ந்து, ஈரற்கலங்கள் இறக்கத் தொடங்கும்.

குளுட்டாதயோன் மூன்று அமினோவமிலங்களால் ஆனது. அவை மீன், முட்டை, பயறு, பருப்பு ஆகியவற்றின் புரதத்திலிருந்து கிடைக்கின்றன. எனவே பல நாள்கள் பழச்சாறு மட்டும் குடித்திருப்பவரின் ஈரலுக்கு இரண்டாம் கட்டத்துக்கு வேண்டிய மூலப்பொருள் குறைகிறது; கழிவை நீக்குவதற்காக மேற்கொண்ட பட்டினியே கழிவு நீக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. அந்த நாள்களில் எடை குறைவது உண்மைதான், ஆனால் தொடக்கத்தில் குறைவதில் பெரும்பங்கு நீரே. உடலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் எனும் மாச்சத்து தன் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும்; அது கரையும்போது நீரும் வெளியேறுகிறது, வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்புகிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதை எல்லாம் மீள உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லீற்றர் அளவையே சிறுநீராக்குகின்றன. எனக்கு மிகுந்த கவலை தருவது, உடலுக்கு நல்லது என்று நம்பி வெறும் வயிற்றில் பெருமளவு குடிக்கப்படும் காமரங்கா, பிலிம்பி ஆகியவற்றின் சாறு. இரண்டிலும் ஒட்சலேற்று எனும் உப்பு மிகுந்துள்ளது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கல்சியத்துடன் சேர்ந்து கூரிய பளிங்குகளாகப் படிந்து, குழாயை அடைத்து, அதன் சுவரையும் புண்படுத்தும். வெயிலில் வேலை செய்து நீர் வற்றியிருக்கும் உடலில் சிறுநீர் செறிவாக இருப்பதால் ஆபத்து இன்னும் கூடும். இச்சாறுகளால் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கையிலும் கேரளத்திலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஏற்கெனவே சிறுநீரக நோயுள்ளவர் ஒரு காமரங்காப் பழத்தை உண்டாலும் அதிலுள்ள நரம்பு நச்சு வெளியேறாமல் தேங்கலாம். விடாத விக்கல் அதன் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். பிறகு மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம்.

இலைக்கஞ்சியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை ஆகியவற்றை இடித்துப் பிழிந்த சாற்றைக் குழைய வெந்த சிவப்பரிசியில் விட்டு, இறுதியில் தேங்காய்ப்பால் சேர்த்து இறக்கும் அந்தக் கஞ்சி சிறந்த காலை உணவு. ஆனால் பிழிந்த சக்கையோடு நார்ப்பொருளின் பெரும்பகுதியும் போய்விடுவதால், வல்லாரைச் சம்பலாகவும் கீரை வறையாகவும் இலைகளை முழுதாக உண்பது அதைவிட நல்லது. ஈரல் பித்தநீரில் அனுப்பும் கழிவில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சிவிடும். நார்ப்பொருள் பித்தவமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறச் செய்வதுடன், குடலின் ஓட்டத்தையும் விரைவுபடுத்துகிறது. எனினும் சுறா போன்ற பெருமீன்களை அடிக்கடி உண்பதால் சேரும் மெதைல் இரசம் எனும் பாதரச நச்சு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை மாதங்கள் ஆகும். மூன்று நாள் சுத்திகரிப்பு எதுவும் அதை அகற்றாது. சூடை, சாளை போன்ற சிறுமீன்களுக்கு மாறுவதே பயன்தரும்.

பேதிமருந்து குடலில் இருப்பதை வெளியேற்றுமே தவிர, இரத்தத்தில் கலந்துவிட்டதைத் தொடாது. அதனுடன் நீர், சோடியம், பொற்றாசியம் ஆகியவையும் வெளியேறும். கன்னியாக் குளியல் உடலுக்கு இதம் தரும், ஆனால் வியர்வையில் 99 வீதம் நீரே என்பதால் அதன் வழியே கழிவு அதிகம் நீங்காது.

மூலிகை என்பதற்காக எதையும் அளவின்றி உட்கொள்ளலாகாது. கொரோனாக் காலத்தில் சீந்தில் உட்கொண்ட சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டனர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. முறையாகப் பயின்ற வைத்தியரிடம் வயதையும் நோயையும் உண்ணும் மாத்திரைகளையும் கூறி ஆலோசனை பெறுவது நம்மவர்க்குக் கடினமன்று. கர்ப்பிணிகளும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் அவ்வாறு கேளாமல் பட்டினியோ பேதியோ மேற்கொள்ளக் கூடாது. சிறுநீரக நோயுள்ளவர்களுக்குச் செவ்விளநீர்கூட அளவோடு இருக்க வேண்டும், ஏனெனில் அதில் மிகுந்துள்ள பொற்றாசியம் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பு பிறழும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் பொற்றாசியத்தைத் தேக்குவதால், அவற்றை உண்பவர்கள் நாள்தோறும் இளநீர் குடிக்கத் தொடங்குமுன் இரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினின், பொற்றாசியம் ஆகியவற்றின் அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.