பருவம் முடிந்த பெட்டை நாய் தண்ணீரையே தேடினால்

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிரில் நாய்கள் அவ்வளவாகத் தண்ணீர் குடிப்பதில்லை. சோறும் குழம்பும் பிசைந்து தின்னும் நாய்க்குச் சாப்பாட்டிலேயே பாதித் தண்ணீர் போய்விடும். அப்படி இருக்க, ஒரு பெட்டை நாய் சட்டியைக் காலி செய்துவிட்டு லயத்துக் கானிலும் நக்கிக்கொண்டு நிற்கிறது, இராத்திரியில் காம்பராவுக்குள்ளேயே மூத்திரம் பெய்கிறது என்றால், மிருக வைத்தியர் முதலில் கேட்பது, “கடைசியா எப்ப பருவத்துக்கு வந்துச்சு?” என்பதுதான். பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கருத்தடை செய்யாத நாய், ஒன்றிரண்டு மாதத்துக்கு முன் பருவம் முடிந்தது என்றால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பையோமெட்ரா என்பது இதுதான்.

இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு மாதம் நாயின் உடம்பில் புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் உயர்ந்தே இருக்கும். அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும், கருப்பை சுருங்குவதையும் நிறுத்திவைக்கும். பருவ நேரத்தில் திறந்த கருப்பை வாய் வழியாக ஏறிய ஈ.கோலை கிருமிக்கு வேறென்ன வேண்டும்? பருவங்கள் கூடக்கூட உட்சுவர் மோசமாவதால் நடுவயதுக்கு மேல்தான் அதிகம் வரும். இரண்டு மூன்று வயதிலும் வராமல் இல்லை. அந்தத் தாகத்துக்குக் காரணம், கிருமியின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்கி, தண்ணீரை உடம்பில் பிடித்துவைக்க விடாமல் செய்வது. வீட்டை நனைக்கிறது என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்துவைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சந்தேகம் இருந்து, நாயும் தெம்பாக இருந்தால், ஒரு நாள் கட்டிப்போட்டு, சோடா போத்தலால் அளந்து தண்ணீர் வையுங்கள். 15 கிலோ நாய் சாதாரணமாக ஒரு நாளைக்கு 900 மில்லிலீட்டருக்கு மேல் குடிக்காது. ஒன்றரை லீட்டரைத் தாண்டினால் நிச்சயம் கோளாறு. சாப்பாட்டை மறுத்து வாந்தியும் எடுக்கிற நாய்க்கு இந்த அளவெல்லாம் வேண்டாம், அன்றைக்கே கொண்டுபோங்கள்.

கருப்பை வாய் திறந்திருந்தால் வால் அடியில் மஞ்சளாகவோ செங்கபிலமாகவோ நாற்றத்தோடு சீழ் வடியும். நாய் நக்கி நக்கித் துடைத்துவிடுவதால் பலர் கவனிப்பதில்லை. மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை: பின்பக்கத்தில் இரத்தக்கறை கண்டால் “அட்டை கடிச்சிருக்கும்” என்று விட்டுவிடுகிறோம். அட்டைக்கடி இரத்தம் நாறாது. வெள்ளைத் துணியால் ஒற்றி மோந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. வயிறு மட்டும் உப்பும். ஆபத்து இதில்தான் அதிகம். தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய் என்பதால் சினை என்று நினைத்து, குட்டிக்காகக் காத்திருந்தே நாயைப் பறிகொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். பருவத் தேதியைக் கலண்டரில் குறித்துவைத்தால் இந்தக் குழப்பமே வராது. முலை பெருத்திருப்பதை நம்ப வேண்டாம், பொய்ச்சினையிலும் அது நடக்கும்.

உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். அதற்குமேல் ஆனால், அல்லது ஈறு செங்கல் நிறத்தில் இருந்தால், நச்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. உடல் வெப்பம் 39.2 பாகைக்கு மேல் என்றால் காய்ச்சல். 37.5க்கும் கீழே போனால் அதைவிடக் கவலை.

பனடோல், புரூஃபன் எதுவும் கொடுக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்ஸிசிலினும் வேண்டாம்: இரண்டு நாள் தேறியதுபோல் காட்டும், சீழ் உள்ளேயே இருக்கும், சத்திரசிகிச்சைக்கு ஏற்ற நேரம் போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் கூடாது. மெலிந்த கருப்பைச் சுவர் கிழிந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். ஆட்டோவில் ஏற்றும்போது வயிற்றைச் சுற்றிக் கட்டிப்பிடிக்காமல், சாக்கில் பக்கவாட்டாகக் கிடத்தி இருவர் தூக்குங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கு வாய்க்கட்டு ஆகாது.

புறப்படுமுன், அங்கே ஸ்கேனும் ஒப்பரேஷனும் உண்டா என்று போனில் கேளுங்கள். அரச மிருக வைத்திய அலுவலகங்களில் பல மாட்டுக்கான சேவையைத்தான் முதலில் பார்க்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை கண்டியிலிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது. சேலைன் ஏற்றி, அன்டிபயோடிக் கொடுத்து, நாயைத் தாங்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு கருப்பையையும் சூலகங்களையும் அகற்றுவார்கள். ஊசி மருந்து போட்டுச் சீழை வெளியேற்றும் முறையும் உண்டு. குட்டி எடுக்கவே வேண்டிய, நல்ல நிலையில் உள்ள நாய்க்கு மட்டும் அது பொருந்தும், அடுத்தடுத்த பருவங்களில் நோய் திரும்பவும் வரலாம்.

பருவம் வராமலிருக்கப் போடும் ஹோர்மோன் ஊசி இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது. செலவு குறைவு என்று அதை நாடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. கருத்தடை வழக்கம் குறைவாக இருந்த சுவீடனின் காப்புறுதிப் பதிவுகளில், 10 வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டை நாய்க்குப் பையோமெட்ரா வந்திருந்தது. கருத்தடைக்கு வசதியான நேரம், பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து.

ஒப்பரேஷன் முடிந்து வீடு வந்ததும் கழுத்துக்கூடை கட்டாயம். தையல் 10 முதல் 14 நாளில் பிரியும். அதுவரை தேயிலை மலைக்கு விடாதீர்கள், ஈரச்சாக்கில் படுக்க விடாதீர்கள். தண்ணீர் குடிப்பது சில நாளில் பழைய அளவுக்கு இறங்கும். இரண்டு வாரமாகியும் இறங்காவிட்டால் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.